ஓட்டு வீடுகளில் அணில் உபத்திரவமும் அதனை நீக்கும் முறையும்

ஓட்டு வீட்டுக்காரர் பலர் ஐப்பசி மழையில் ஒழுக்கு கண்ட பிறகே கூரையை நிமிர்ந்து பார்க்கின்றனர். கொத்தனார் ஏறிப் பார்க்குங்கால் ஓடு உடைந்திருப்பதில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. அதனடியில் தேங்காய் நார், கந்தல் துணி, தலையணைப் பஞ்சு, சாக்கு நூல் முதலியவற்றைத் திரட்டிச் செய்த ஓர் உருண்டை கிடக்கிறது. அது அணிற்கூடு. நனைந்த கூடு எளிதில் உலராது; அதைத் தாங்கும் வரிச்சும் கைமரமும் நாளடைவில் இற்றுப்போகின்றன. பரணில் விதைக்கென்று வைத்த நிலக்கடலை இருக்குமாயின் நஷ்டம் இன்னும் அதிகம். கடிபட்ட கடலை விதைக்கு உதவாது. மின்சாரக் கம்பி கூரைவழியே செல்லும் வீடுகளில், அணில் கம்பியின் மேலுறையைக் கடித்துவிட்டால் தீப்பிடிக்கவும் இடமுண்டு.

பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டு முதல் பாய்ந்துவரும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் தென்னை வீட்டுக் கொல்லை வரையில் வந்து நிற்கிறது. மட்டை ஓட்டின்மேல் சாய்ந்திருக்கும். அணிலுக்கு அதுவே ஏணி. மதுரை நகரத்துப் பழைய தெருக்களில் மரம் குறைவாயினும், வீட்டுக்கு வீடு கூரை தொடுவதாலும் குறுக்கே கம்பிகள் ஓடுவதாலும் அதன் போக்குவரத்துக்குத் தடையில்லை.

முதலில், வந்திருப்பது அணிலா எலியா என்று தெரிந்துகொள்ளல் வேண்டும். அணில் பகலில் நடமாடும், இருட்டியபின் அடங்கிவிடும். விடியற்காலையிலும் மாலையிலும் ஓட்டின்கீழ்ச் சலசலப்பும் கீச்சுக்குரலும் கேட்டு, நள்ளிரவில் ஓசை இல்லையானால் அணில் என்றே கொள்ளலாம். இரவெல்லாம் ஓட்டம் கேட்குமாயின் அது எலி. அதற்கு வழி வேறு.

வழி கண்டவுடன் மண்ணைக் குழைத்து அடைத்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. உள்ளே குட்டி இருக்கக்கூடும். அணில் சுமார் முப்பத்துநான்கு நாள் சினையிருந்து இரண்டு மூன்று குட்டிகள் ஈனும். குட்டிகள் கண் திறவாமலும் மயிர் இல்லாமலும் பிறக்கின்றன. தாய்ப்பால் மறக்கப் பத்து வாரங்கள் வரை ஆகும். ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் ஈனுமாதலால், இன்ன மாதத்தில் குட்டி இராது என்று கணக்கிடுதல் பயனற்றது. வழியை அடைத்தால், வெளியிலுள்ள தாய் உள்ளே புக வேறோர் ஓட்டைக் கிளப்பும். உள்ளே அகப்பட்ட குட்டிகள் செத்து நாறும். எறும்பும் ஈயும் மொய்க்கும். ஒரு துவாரத்தை அடைக்கப்போய் மூன்று துவாரம் பெற்ற வீடுகள் உண்டு.

புகை போட்டு விரட்டுவதும் கூடாது. தாய் ஓடிவிடும், குட்டி ஓடாது. மேலும் நார்க்கூட்டுக்கு அருகே நெருப்புக் கொண்டுபோவது அறிவுடைமை ஆகாது. விஷம் வைத்தால் அணில் கைமரச் சந்தில் போய்ச் சாகும். செத்ததைத் தின்னும் பூனைக்கும் ஆபத்து. முதுகின் கோடுகளை இராமபிரான் விரல் பட்டவை என்று மதித்து அணிலை அடிக்க மனம் வராதவர் இந்த ஜில்லாவில் அநேகர். அவர்கள் மனம் வருந்தத் தேவையில்லை. கொல்லாமலே காரியம் முடியும்.

கூட்டில் குட்டி இருந்தால், கூடுமானவரை அவை வளர்ந்து தாமே வெளியே ஓடும்வரை பொறுப்பது நலம். மழைக்கு முன் ஓடு மாற்றியே தீரவேண்டுமென்றால், கூட்டைக் கலைக்காமல் கையுறையிட்டு எடுத்து, ஒரு சிறு கூடையில் வைத்து, அருகிலுள்ள மரக்கிளையில் நிழலில் கட்டிவிட வேண்டும், பூனைக்கு எட்டலாகாது. மனிதர் விலகி நின்றால் தாய் வந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடம் கொண்டுபோவதுண்டு. கையில் கடித்துவிட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, ஆஸ்பத்திரிக்குச் சென்று காட்டுதல் அவசியம்.

குட்டி இல்லையென்று தெரிந்த பின்னும் உடனே பூசிவிடலாகாது. துவாரத்தில் ஒரு பிடி வைக்கோலைத் தளர்வாகச் செருகி வைக்கவேண்டும். உள்ளேயோ வெளியேயோ அணில் இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் போகும். வெயிலுள்ள மூன்று நாட்கள் வைக்கோல் கலையாமல் இருந்தால் இடம் காலியென்று அறியலாம். அணில் வெளியே போகும் நண்பகலே அடைப்பதற்கு ஏற்ற நேரம்.

அடைக்கும் பொருளில்தான் பலர் ஏமாறுகின்றனர். துணி, நார், சாக்கு இவற்றைத் திணிப்பது அணிலுக்குக் கூடு கட்டச் சாமான் கொடுப்பதே. அணிலின் முன்பற்கள் ஓயாமல் வளர்வன. அவற்றைத் தேய்ப்பதற்கு அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் மரத்துண்டும் நிலைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பி வலையை மடித்துச் செருகி, அதன்மேல் ஓட்டுச்சில்லும் சுண்ணாம்புக் காரையும் இட்டுப் பூசவேண்டும். நாட்டோடு வேய்ந்த கூரையில் இறவாணத்து வரிசையின் வளைந்த வாய்கள் யாவும் திறந்தே இருப்பதால் அங்கேயே வேலை அதிகம். மங்களூர் ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்துவன. அவ்வகைக் கூரையில் முகட்டோட்டின் இரு முனைகளையும் சுவர் சேருமிடத்தையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். மின்சாரக் கம்பி செல்லும் இடத்தில் மெயினை நிறுத்தி, தொழில் தெரிந்தவரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

அதன்பின் ஏணியை எடுத்துவிட வேண்டும். கூரைக்கு எட்டடிக்குள் வரும் கிளைகளையும் மட்டைகளையும் கழிப்பது நல்லது. தனித்து நிற்கும் தென்னையின் அடிமரத்தில் ஆள் உயரத்துக்குமேல் வழுவழுப்பான தகடு சுற்றினால் ஏறுவது தடைப்படும். பக்கத்து மரத்தோடு மட்டை கோத்து நிற்கும் மரத்துக்குத் தகடு வீண்செலவு.

பொதுச்சுவர் உள்ள வீடுகளில் ஒருவர் மாத்திரம் அடைத்தால் அணில் அடுத்த வீட்டுக் கூரைக்குக் குடிபோகும். அடுத்த வீட்டார் அதைக் குறையாகச் சொல்வதும் இயல்பே. ஒரு வரிசையிலுள்ள அங்கத்தினர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சுருள் வலை வாங்கிப் பங்கிட்டு, ஒரே கொத்தனாரை அமர்த்தி, சித்திரை வைகாசியில் ஓடு மாற்றும்போதே இதையும் முடித்தால் செலவு குறையும். சங்கக் கிடங்கின் கூரையையும் அந்த ஏற்பாட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அங்கே சாக்கும் விதையும் ஒன்றாக இருப்பதால் அணிலுக்கு வீடும் உணவும் ஓரிடத்தில் கிடைக்கின்றன.

பூசிய இடங்களைப் பத்தாம் நாள் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும். காரையில் சுரண்டிய தடம் காணப்பட்டால், அவ்விடத்தில் வலையைப் பக்கத்துக் கைமரம் வரை நீட்டி ஆணியடித்து மறுபடி பூசிவிடலாம்.