பர்கரால் பழிசுமந்த உண்ணாவிரதம்: போர் எதிர்ப்புப் போராட்டங்களைச் செய்திகள் எப்படிக் காட்டுகின்றன?

போரை நிறுத்தச் சொல்லி 23 நாள்கள் உண்ணாவிரதம் இருந்தார் ஒரு தமிழ் இளைஞர். போர் முடிந்து ஐந்து மாதங்கள் கழித்து, 'அவர் ரகசியமாக பர்கர் சாப்பிட்டார்' என்று இரண்டு பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின. செய்தி பொய். ஆனால், அதை அந்தப் பத்திரிகைகளே ஒப்புக்கொள்ள ஒன்பது மாதங்களுக்கும் மேல் ஆனது.

லண்டனில் என்ன நடந்தது?

2009 ஏப்ரல். வன்னியில் இறுதிக்கட்டப் போர் உச்சத்தில் இருந்தது. உடனடிப் போர்நிறுத்தம் கோரி, லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஏப்ரல் 6-ம் தேதி புலம்பெயர் தமிழர்கள் திரண்டார்கள். குழந்தைகள், முதியவர்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் போராட்டம் 73 நாள்கள் நீடித்தது. அங்கேதான் பரமேஸ்வரன் சுப்ரமணியம் உண்ணாவிரதம் இருந்தார்.

மே மாதம் போர் முடிந்தது. அக்டோபரில் 'டெய்லி மெயில்', 'தி சன்' ஆகிய நாளிதழ்களில் அந்தச் செய்தி வந்தது. சிறப்புக் கருவிகள் மூலம் கண்காணித்த போலீஸார், அவர் பர்கர் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டார்களாம். போராட்டத்துக்கான காவல் பணிக்குச் செலவான சுமார் 70 லட்சம் பவுண்டையும் பர்கரையும் ஒரே தலைப்பில் முடிச்சுப் போட்டது டெய்லி மெயில்.

பரமேஸ்வரன் வழக்கு தொடுத்தார். அப்படியொரு கண்காணிப்புக் குழுவே செயல்படவில்லை, வீடியோ ஆதாரமும் கிடையாது என்பது, போராட்டக் களத்தில் காவல் பணிக்குப் பொறுப்பாக இருந்த போலீஸ் அதிகாரி சொன்னதிலிருந்தே வெளிவந்தது. 2010 ஜூலை 29 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நாளிதழ்களும் மன்னிப்புக் கேட்டன. டெய்லி மெயில் 47,500 பவுண்டு, தி சன் 30,000 பவுண்டு என இழப்பீடு தந்தன.

பணம் வந்தது. போனது? அந்தச் செய்தியால் நண்பர்களை இழந்ததாகவும், உறவினர்கள் விலகிப் போனதாகவும், தமிழ்ச் சமூகமே தன்னை ஒதுக்கிவைத்ததாகவும் சொன்னார் பரமேஸ்வரன். நாளிதழ்கள் எழுதியதை அவருடைய சொந்த மக்களே நம்பிவிட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய வலி.

குமரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இலங்கைப் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாம்கள் பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரம் என்று குமரி மாவட்டத்திலேயே இருக்கின்றன. 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் போர் மூண்டபோது, ஈரானில் மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்த குமரி மீனவர்கள் ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். கடற்கரை ஊர்களில் குடும்பங்கள் கண்ணுறங்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. எங்கோ விழும் குண்டு இங்கே அடுப்பை அணைத்துவிடும். அதனால், 'போர் வேண்டாம்' என்று யாராவது தெருவுக்கு வரும்போது, அந்தக் குரல் செய்தியில் எப்படி வருகிறது என்பது நாஞ்சில் நாட்டுக்கும் சேர்த்தான கேள்விதான்.

தலைகளை எண்ணுவது எப்படி?

'சொற்பக் கூட்டமே கூடியது' என்ற ஒரே வரி போதும், ஒரு போராட்டத்தைச் சிறியதாக்கிவிட. 2002 அக்டோபர் 26-ம் தேதி, ஈராக் மீது போர் தொடுக்கக் கூடாது என்று வாஷிங்டனில் பெரும் பேரணி நடந்தது. ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தார்கள் என்று எழுதியது 'நியூயார்க் டைம்ஸ்'. சில நாள்கள் கழித்து அதே நாளிதழ், போலீஸ் கணக்கில் 1 லட்சம் பேர், ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 2 லட்சம் பேர் என்று இன்னொரு செய்தி வெளியிட்டது. போருக்கு முந்தைய தன் ஈராக் செய்திகள் பலவற்றில் போதுமான கறார் இல்லை என்று அது ஒப்புக்கொண்டது 2004 மே மாதத்தில். அதற்குள் போர் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது.

கூட்டத்தை எண்ண ஒரு எளிய வழி உண்டு. 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்ட மாணவர்களைத் தன் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்து உருவாக்கிய கணக்கு அது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி. நெருக்கமாக நின்றால் நாலரைச் சதுர அடி. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம் முன்பு 100 அடி நீளம், 30 அடி அகலத்துக்கு மக்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,000 சதுர அடி. தளர்வாக நின்றால் 300 பேர், நெருக்கியடித்து நின்றால் சுமார் 670 பேர். 'ஆயிரக்கணக்கானோர்' என்றாலும் தவறு, 'ஒருசிலர்' என்றாலும் தவறு.

கோரிக்கை எங்கே?

எண்ணிக்கை சரியாக வந்தாலும், எதற்காகக் கூடினார்கள் என்பது காணாமல் போவதுண்டு. 2013 மார்ச் 8-ம் தேதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்கள். இறுதிப் போர் குறித்து சர்வதேச விசாரணை, ஈழத் தமிழரிடம் பொது வாக்கெடுப்பு ஆகியவை அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். சில நாள்களிலேயே போராட்டம் தமிழகம் முழுக்கப் பரவ, அரசு கல்லூரிகளை மூடியது. மார்ச் 19-ம் தேதி மத்தியக் கூட்டணியிலிருந்து தி.மு.க விலகியது. அதன் பிறகு, 'ஆட்சி கவிழுமா?' என்பதே டெல்லித் தொலைக்காட்சி விவாதங்களின் பெரிய கேள்வியானது. மாணவர்கள் கேட்ட கேள்வி பின்வரிசைக்குப் போனது.

இதற்கு எப்போதும் சதி காரணமாக இருக்க வேண்டியதில்லை. செய்தியை மாலைக்குள் முடித்தாக வேண்டும். போலீஸ் தரும் தகவல் கைக்கு எளிதில் கிடைக்கும். போக்குவரத்து நெரிசலைப் படம் பிடிப்பது சுலபம், பொது வாக்கெடுப்பை விளக்குவது கஷ்டம். சுலபமானதே தலைப்பாகிறது.

லண்டன் சதுக்கத்தில் நின்றவர்கள் சொன்னது என்ன? அங்கே மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான். இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை, ஐ.நா பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் பதிவு செய்தது. பர்கர் தலைப்பில் இந்த உயிர்களுக்கு இடமே இருக்கவில்லை.

ஃபார்வர்டு செய்யும் முன்...

இன்று பொய்யைப் பரப்ப நாளிதழ் தேவையில்லை, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பே போதும். போராட்டச் செய்தி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், நான்கு கேள்விகள் கேளுங்கள்.

* போராடியவர்களின் கோரிக்கை செய்தியில் இருக்கிறதா?
* 'பார்த்தார்கள்' என்றால், யார் பார்த்தது? பெயரோ பொறுப்போ சொல்லப்பட்டிருக்கிறதா?
* கூட்டத்தின் எண்ணிக்கை யார் சொன்னது? போலீஸா, ஏற்பாட்டாளர்களா, நேரில் எண்ணிய நிருபரா?
* குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் இருக்கிறதா?

நான்குக்கும் பதில் இல்லையென்றால், அந்தச் செய்தி உங்கள் போனோடு நிற்கட்டும். பரமேஸ்வரன் விஷயத்தில் நீதிமன்றத்தால் நாளிதழ்களை மன்னிப்புக் கேட்க வைக்க முடிந்தது. பொய்யை நம்பி அவரிடம் பேசாமல் போனவர்களை எந்த நீதிமன்றமும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.