பழைய முகமும் பழைய ஆண்டும் ஒன்றல்ல
லாண்ட் ரோவர் சந்தை தரும் பாடம்

ஒரே தொழிற்சாலையில் பத்து வருட இடைவெளியில் வெளிவந்த இரண்டு வாகனங்களை அருகருகே நிறுத்திப் பாருங்கள். பிந்திய வாகனத்தில் கியர் பொக்ஸ் நல்லது, மின்சார ஏற்பாடு நல்லது, ஓட்டவும் இலகு. ஆனால் ஆர்வலர் ஒருவர் கையில் பணத்துடன் வந்தால் அவர் கண் முந்திய வாகனத்தின் மீதுதான் போகும். பழமைக்கு அப்படியொரு விலை இருக்கிறது. இதனால் பிந்திய வாகனத்தை வைத்திருப்பவர்கள் அதற்கு முந்திய மாதிரியின் வெளித்தோற்றத்தைக் கொடுக்க விரும்புகிறார்கள். இந்த வேலையால் வெளிநாடுகளில் பல கராஜ்களும் உதிரிப்பாகக் கடைகளும் பிழைக்கின்றன.

நமது நாட்டிலும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கப்படவில்லை. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களைத் திருத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடியது. தோட்டப் பகுதிகளில் உழைத்துத் தேய்ந்த லாண்ட் ரோவர்களைத் தேடிச் செல்வோரும் இருக்கிறார்கள். ஆகவே இந்த வேலை எப்படி நடக்கிறது, எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் அது மோசடியாக மாறுகிறது என்பதை வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது.

ஏன் லாண்ட் ரோவர்?

லாண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. உலகப் போர் முடிந்து பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அதனால் அதன் உடற்பகுதி பேர்மாபிரைட் எனும் அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்யப்பட்டது. அடிச்சட்டமாகிய செசியும் எஞ்ஜினுக்கும் ஆசனத்துக்கும் இடையிலுள்ள முன்சுவரும் உருக்கு. முதலாம் சீரிஸ் 1958 வரையும், இரண்டாம் சீரிஸ் 1961 வரையும், இரண்டு-ஏ என்பது 1971 வரையும், மூன்றாம் சீரிஸ் 1985 வரையும் தயாரிக்கப்பட்டன. 1976இல் பத்து இலட்சமாவது வாகனம் வெளிவந்தது.

இந்த வாகனத்தின் தகடுகள் பெரும்பாலும் நட் போல்ட்டினால் பூட்டப்பட்டவை. மட்கார்ட், கதவு, பொனெட், கூரை என ஒவ்வொன்றையும் தனித்தனியே கழற்றலாம். அத்துடன் இரண்டாம் சீரிஸிலிருந்து மூன்றாம் சீரிஸ் வரை 88 அங்குலம், 109 அங்குலம் என்ற இரு அளவுகளும் மாறவில்லை. உடலின் அடிப்படை வடிவமும் மாறவில்லை. எனவே 1960களின் பாகத்தை 1970களின் வாகனத்தில் பூட்ட முடிகிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. முதலாம் சீரிஸின் பக்கங்கள் தட்டையானவை. 1958இல் வந்த இரண்டாம் சீரிஸில் பக்கங்களின் இடுப்பு மட்டத்தில் பீப்பாய் போன்ற ஒரு வளைவு சேர்க்கப்பட்டது. ஆகவே மூன்றாம் சீரிஸ் ஒன்றை இரண்டு-ஏ போல் ஆக்குவது நடக்கக்கூடிய காரியம். அதையே 1950ஆம் ஆண்டு வாகனம் போல் ஆக்கப் புறப்பட்டால் உடல் முழுவதையும் மாற்ற நேரிடும். வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள்

முதல் வேறுபாடு ஹெட் லைட். இரண்டு-ஏ வாகனத்தில் பல வருடங்களாக இரு விளக்குகளும் நடுவில், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள தகட்டில் நெருங்கி இருந்தன. சில நாடுகளின் விளக்குச் சட்டங்களுக்காக 1968இல் ஏற்றுமதி வாகனங்களிலும், 1969இல் பிரித்தானிய வாகனங்களிலும் அவை மட்கார்டுக்கு நகர்த்தப்பட்டன. மூன்றாம் சீரிஸில் அவை மட்கார்டிலேயே இருக்கின்றன.

இரண்டாவது கிரில். பழையது கல்வனைஸ் பூசிய கம்பி வலை. மூன்றாம் சீரிஸில் பிளாஸ்டிக் வந்தது. பழைய கிரிலைக் கழற்றி நெருப்பின் மேல் வைத்து இறைச்சி சுட்ட கதைகளை ஆர்வலர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பிளாஸ்டிக்கில் அந்த வசதி இல்லை.

மூன்றாவது கதவுப் பிணைச்சல். பழையது வெளியே தடித்துத் தெரியும். மூன்றாம் சீரிஸில் தட்டையானது. நான்காவது கதவுக்குக் கீழே ஓடும் பக்கத் தகடு. ஆரம்பத்தில் ஆழமாக இருந்த அது விளக்குகள் இடம் மாறிய காலத்தில் குறுகியது. ஐந்தாவது உள்ளே உள்ள மீற்றர்கள். பழையதில் அவை ஓர் இரும்புத் தகட்டில் நடுவில் இருந்தன. ஸ்டியரிங் இடப்பக்கம் வந்தாலும் வலப்பக்கம் வந்தாலும் ஒரே தகடு போதும் என்பது அதிலிருந்த சிக்கனம். மூன்றாம் சீரிஸில் அவை சாரதிக்கு நேரே வந்தன.

வேலையை மூன்று படியாகப் பிரியுங்கள்

முதற்படி இலகுவானது. பிளாஸ்டிக் கிரிலை எடுத்துக் கம்பி வலைக் கிரிலைப் பூட்டுவது, பழைய நிறம் ஒன்றைப் பூசுவது, 16 அங்குல இரும்புச் சக்கரத்தில் ஒடுங்கிய டயர் போடுவது. வெண்கலப் பச்சை, நடுத்தரச் சாம்பல், கடற்படை நீலம் போன்றவை அக்கால நிறங்கள். கூரையும் சக்கரமும் சுண்ணாம்புக்கல் நிறம் எனப்படும் மங்கிய வெள்ளையில் இருந்தால் தோற்றம் உடனே மாறிவிடும். இந்தப் படியுடன் வாகனம் 1969 முதல் 1971 வரையான இரண்டு-ஏ போலத் தெரியும். ஏனெனில் அந்தக் கடைசிக் காலத்து வாகனங்களிலும் விளக்கு மட்கார்டில்தான் இருந்தது.

இரண்டாம் படியில் விளக்குகளை நடுவுக்குக் கொண்டு வரவேண்டும். இதற்கு ரேடியேட்டர் முன் தகடு முழுவதும், விளக்குத் துளை இல்லாத மட்கார்ட் முன்பகுதிகளும், ஆழமான பக்கத் தகடுகளும், பழைய பிணைச்சல்களும் தேவை. விளக்கு வயர்களின் பாதையும் மாறும். துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது பின்னர் தீப்பற்றக் காரணமாகும். அளவான வயரிங் தொகுதி ஒன்றைப் போடுவதே முறை. மட்கார்டில் உள்ள துளையைத் தகடு வைத்து அடைத்து பட்டி பூசுவதும் குறுக்குவழி. பட்டி வெடிக்கும்போது மறைத்த வட்டம் வெளியே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி டேஷ்போர்ட். வெளித்தோற்றத்தோடு நிற்க விரும்புபவருக்கு இது தேவையில்லை. மூன்றாம் சீரிஸின் முன்சுவரே வேறு விதமாக இருப்பதால் இங்கே கூலி வேகமாக ஏறும். பெறுமதி அந்த அளவுக்கு ஏறாது.

எந்தப் படியானாலும் கழற்றிய பாகங்களைத் துணி சுற்றி, பெயர் எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். நாளை வாங்குபவர் மூல நிலையை விரும்பினால் அந்தப் பெட்டிக்கே ஒரு விலை உண்டு.

தொடக்கூடாதவை

பழைய முகத்துக்காக நல்ல உறுப்புகளை எடுத்து எறிய வேண்டியதில்லை. இரண்டு-ஏ கியர் பொக்ஸில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மாத்திரமே சின்குரோமெஷ் இருந்தது. மூன்றாம் சீரிஸில் நான்கு கியருக்கும் உண்டு. டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் இருந்தால் அதையும் விட்டுவைக்க வேண்டும். இரவில் மழையில் ஓட்டுபவருக்கு அதன் அருமை தெரியும். சிக்னல் லைட், பிரேக் லைட் போன்ற பாதுகாப்பு விளக்குகளைப் பழமையின் பெயரால் அகற்றக்கூடாது.

முதற் செலவு எங்கே?

பெயின்ட் கடைக்குப் போகுமுன் வாகனத்தை உயர்த்தி அடியைப் பாருங்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் பலர். மேலே உடல் பளபளக்க, கீழே உருக்குச் செசி உள்ளிருந்து உக்கிப்போயிருக்கும். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பூட்டும் இடங்கள், முன்சுவரின் கால்வைக்கும் பகுதி ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்ற சத்தம் வராவிட்டால் தோற்றச் செலவை நிறுத்தி அந்தப் பணத்தை அங்கே போடுங்கள்.

அலுமினியமும் உருக்கும் ஒட்டும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். புதிய தகடு பூட்டும்போது இரண்டுக்கும் இடையே பெயின்ட்டோ ரப்பர் வாசரோ இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் சாதாரண அடிப்பூச்சு நிற்காது. அதைப் பற்றிப் பிடிக்கும் எட்ச் பிரைமர் பூசாமல் விட்டால் பெயின்ட் தோல் உரிவது போல உரியும்.

அலங்காரம் எங்கே முடிகிறது?

வாகனத்துக்குப் பழைய முகம் கொடுப்பதில் தவறு எதுவும் இல்லை. தயாரித்த கம்பனியே அதைச் செய்திருக்கிறது. டிபென்டர் உற்பத்தி 2016 ஜனவரியில் முடிவதற்குச் சற்று முன்னர், 2015இல் ஹெரிடேஜ் என்ற பெயரில் ஒரு பதிப்பு வெளியானது. பழைய பாணிப் பச்சை நிறம், வெள்ளைக் கூரை, பழைய பாணிக் கிரில் ஆகியவற்றுடன், முன்னோட்ட உற்பத்தியின் முதல் வாகனத்தின் பதிவு இலக்கமான எச்.யூ.இ. 166 என்பதும் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. 2023இல் டொயோட்டாவும் லாண்ட் குரூசர் 70 வகையை வட்ட விளக்குகளுடன் ஜப்பானில் மீண்டும் விற்கத் தொடங்கியது. இவற்றை வாங்கியவர்கள் எல்லோருக்கும் அது புது வாகனம் என்பது தெரியும். மறைவு எதுவும் இல்லாததால் அங்கே மோசடிக்கு இடமில்லை.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். பிரித்தானியாவில் 1998 முதல் 2014 வரை, 1973ஆம் ஆண்டுக்கு முன் தயாரான வாகனங்களுக்கு மட்டும் வீதி வரி விலக்கு இருந்தது. மூன்றாம் சீரிஸ் வாகனங்களில் ஆரம்பத்தில் வந்த ஒரு சிறு பங்குக்கே அது கிடைத்தது. எனவே பிந்திய வாகனத்துக்குப் பழைய முகம் கொடுப்பதோடு நிற்காமல், உடைத்துப்போட்ட பழைய வாகனம் ஒன்றின் புத்தகத்தையும் இலக்கத்தையும் அதற்குச் சூட்டும் ஆசை சிலருக்கு வந்தது. இப்போது அங்கே 40 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு விலக்கு உண்டு. மூன்றாம் சீரிஸ் தயாரிப்பு நின்றது 1985இல் என்பதால் நேர்மையாகக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சலுகை தானாகவே வந்து சேர்ந்தது. இலக்கம் மாற்றியவர்களின் கையில் இருப்பதோ சந்தேகத்துக்குரிய வாகனம்.

அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த வாகனங்களையே அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்களித்து இறக்க முடியும். பிந்திய டிபென்டர்களைப் பழையவை என்று காட்டி இறக்கியதாகச் சந்தேகித்து 2014இல் அதிகாரிகள் 40 வரையான வாகனங்களை உரிமையாளர்களின் வீடுகளிலிருந்தே எடுத்துச் சென்றார்கள். பின்னர் பல திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர்கள் வழக்கறிஞர்களிடம் அலைந்த காலத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

முகத்தைப் பார்த்து ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள். செசி இலக்கத்தைப் பாருங்கள். சீரிஸ் வாகனங்களில் அது முன்சுவரில் உள்ள தகட்டில் இருப்பதோடு, வலது முன் ஸ்பிரிங் தாங்கியருகே செசியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டை எவரும் கழற்றிப் பூட்டலாம். செசியில் உள்ளதே சாட்சி. அந்த இடத்தில் புதிய வெல்டிங் அல்லது தடித்த பெயின்ட் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

நமது நாட்டில் பதிவு இலக்கம் வாகனத்தோடு கடைசி வரை போகிறது. ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடுகள் 1950களின் பிற்பகுதியில் வந்தன. அதற்கு முன் ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. இதை வைத்து வாகனம் இங்கே பதிவான காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் வேறாக இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கம், எஞ்ஜின் இலக்கம், நிறம் ஆகிய மூன்றும் வாகனத்தோடு பொருந்த வேண்டும். எஞ்ஜினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: “1978இல் தயாரான மூன்றாம் சீரிஸ், முன்பகுதி இரண்டு-ஏ தோற்றத்துக்கு மாற்றப்பட்டது.” இந்த ஒரு வரியால் விலை சிறிது குறையலாம். ஆனால் அந்த வாகனம் அடுத்த கைக்கும் அதற்கடுத்த கைக்கும் போகும்போது உங்கள் பெயர் கெடாது. குறையைச் சொல்லி விற்பவருக்கே பரக்கத் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இதைத்தான். வேலை செய்த படங்கள், பாகங்களின் பில்கள், கழற்றிய பாகங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், “இதற்குள் என்ன மறைந்திருக்கிறதோ” என்ற பயம் வாங்குபவருக்கு நீங்கும். பயம் நீங்கிய வாடிக்கையாளர் பேரம் பேசுவதும் குறைவு.

துணி, நகை, தளபாடம் என எந்தச் சரக்கிலும் பழைய பாணிக்கு ஒரு கிராக்கி வந்து போகும். அந்தப் பாணியில் செய்து கொடுப்பது தொழில். செய்த ஆண்டைச் சரியாகச் சொல்வது நாணயம். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார்.