பன்னிரண்டு வரிகள்

2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில், ஒரே வாரத்துக்குள் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. அவற்றுக்குள் யாதொரு சம்பந்தமும் உண்டென்று அப்போது எவருக்கும் தோன்றியிராது. பல இணையதளங்களில் புதிதாக வெளியாகும் எழுத்துகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிவந்த ‘ரீடர்’ என்னும் சேவையை ஜூலை முதல் தேதியோடு நிறுத்திவிடப் போவதாக கூகுள் நிறுவனம் அறிவித்தது. காலைக் காப்பியோடு அதைத் திறந்து பழகியிருந்த வாசகர்கள் முறையிட்டும் விண்ணப்பம் எழுதியும் பார்த்தார்கள். குறித்த நாளில் கதவு சாத்தப்பட்டது. அந்த அறிவிப்பு வந்த அதே வாரத்தில், கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா நகரில் கூடிய பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் மேடையேறி, ஐந்து நிமிஷ அவகாசத்துக்குள் ‘டாக்கர்’ என்னும் கருவியைப் பகிரங்கமாக இயக்கிக் காட்டினார். பிறர் சாத்திய கதவை நம் வீட்டிலேயே திறந்துகொள்ள அந்தக் கருவி எவ்வாறு உதவுகிறது என்பதே இங்கே விஷயம்.

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. புகைப்படங்களைச் சேமிக்க ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, செய்தி திரட்ட ஒன்று என்று எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிரயாசை அவற்றைச் சொந்தக் கணினியில் குடியேற்றுவதில்தான் இருந்தது. ஒன்றுக்கு ஒரு மொழியின் பழைய பதிப்பு வேண்டும், அடுத்ததற்கு அதே மொழியின் புதிய பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே யந்திரத்தில் வைத்தால் பங்காளிச் சண்டைதான். இதற்குக் கண்ட பரிகாரமே கொள்கலன் என்பது. யாத்திரை போகிறவர் வழியிலுள்ள சத்திரத்துச் சமையலை நம்பாமல் கட்டுச்சோறு எடுத்துப் போவதுபோல், ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய துணைச் சரக்குகள் யாவற்றையும் தன் மூட்டைக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீரை மட்டும் வழியிலுள்ள குளத்தில் எடுத்துக்கொள்வதுபோல், கணினியின் லினக்ஸ் கருவை மட்டும் அது மற்ற மூட்டைகளோடு பகிர்ந்துகொள்கிறது.

மூட்டைகள் பல சேர்ந்தால் அவற்றை நிர்வகிக்க ஒரு முறை வேண்டுமல்லவா? ‘ஃபிக்’ என்ற பெயரில் லண்டனிலிருந்த ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்து, 2014-இல் டாக்கர் நிறுவனத்தின் கைக்கு வந்து, ‘டாக்கர் கம்போஸ்’ என்று பெயர் மாறிய கருவி அதற்காகவே ஏற்பட்டது. அதற்குப் பொத்தான்களோ படங்களோ கிடையா; கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் கட்டளையை அடிக்கவேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டு மிரளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுட்டெலியால் நாற்பது இடத்தில் தட்டிச் செய்த காரியத்தை மறுமாதம் திரும்பச் செய்யச் சொன்னால் எங்கே தட்டினோம் என்பது நினைவிராது, எழுத்தால் செய்த காரியமோ எழுத்தாகவே எஞ்சி நிற்கிறது. கம்போஸின் மேன்மை இதில்தான் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். ‘இன்னது இன்னபடி இருக்கவேண்டும்’ என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், கருவி அதைப் படித்து, உள்ள நிலைமையோடு ஒப்பிட்டு, குறைந்ததை மட்டும் நிறைவு செய்கிறது. அதே கட்டளையை மறுபடி கொடுத்தால், மாற்றம் ஏதுமில்லையென்று கண்டு சும்மா இருக்கிறது.

நான் தொடங்கியது ஒரு பழைய மடிக்கணினியில். (மின்சாரம் போனாலும் அதன் பேட்டரி சிறிது நேரம் தாங்கும், ரவுட்டர் தாங்காது என்பதைப் பிறகு கண்டுகொண்டேன்.) அதில் டெபியன் லினக்ஸையும் டாக்கரையும் நிறுவி, ‘ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ்.’ என்னும் செய்தித் திரட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மூன்றெழுத்துக்கு நம் நாட்டில் வேறொரு பிரசித்தமான பொருள் உண்டாகையால், இது இணையதளங்கள் தம் புதுச் செய்திகளை வெளியிடும் ஒரு வடிவத்தின் பெயர் மட்டுமே என்று சொல்லிவைப்பது நலம்.

‘கம்போஸ் யாமல்’ என்னும் கோப்பில் நான் எழுதியவை பன்னிரண்டே வரிகள். எந்த மூட்டையை எங்கிருந்து கொணர்வது என்பது ஒரு வரி. கணினி அணைந்து எழுந்தால் தானாகவே மீண்டும் ஓடு என்பது ஒரு வரி. கொள்கலனின் 80-ஆம் வாசலை வீட்டுக் கணினியின் 8080-ஆம் வாசலோடு இணைப்பது ஒன்று. மணிக்கு இருமுறை புதுச் செய்திகளைப் பார்த்து வா என்பது ஒன்று. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் திரட்டி தானாக எதையும் கொண்டுவராது. வரிகளின் தொடக்கத்தில் விடும் இடைவெளிகூட இலக்கணமே. அங்கே டேப் விசையை அழுத்தினால் கோப்பு முழுவதையும் கருவி நிராகரித்துவிடும். பிறகு ‘டாக்கர் கம்போஸ் அப் -டி’ என்று அடித்தேன். அந்தக் கடைசி ‘டி’, நாம் திரையை மூடிப் போனபிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிரு என்று பொருள்படும். பழைய கையேடுகள் டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவே சிறுகோடு இட்டிருக்கும்; அந்தப் பழைய பதிப்பு 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டபடியால், இப்போது இடைவெளியே போதும். சில நொடிகளில் உலாவியில் திரட்டி எழுந்து நின்றது.

இனி என் அவிவேகத்தைச் சொல்லவேண்டும். மூட்டையை எப்போது வேண்டுமானாலும் எறிந்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் சேர்த்த குறிப்புகளும், நட்சத்திரமிட்டு வைத்த கட்டுரைகளும் மூட்டைக்கு வெளியே ‘வால்யூம்’ என்னும் தனிப் பெட்டியில் இருக்கவேண்டும். என் கோப்பின் கடைசி வரிகள் அந்தப் பெட்டிக்காகத்தான். ‘டவுன்’ என்ற கட்டளை கொள்கலனை நிறுத்தி அகற்றும், பெட்டியைத் தொடாது. அதனோடு ‘-வி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் பெட்டியையும் அழித்துவிடும். எங்கோ கண்டதை அப்படியே ஒற்றியெடுத்து ஒரு நாள் நான் அந்த எழுத்தோடு அடித்தேன். ‘நிச்சயந்தானா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷச் சேமிப்பு போயிற்று. கருவியைக் குறை சொல்ல நியாயமில்லை. சொன்னதைத்தான் அது செய்தது.

அதன் பின்னர் அந்தப் பெயரிட்ட பெட்டியை நீக்கி, கோப்புக்கு அருகிலேயே கண்ணுக்குத் தெரியும் ஒரு சாதாரண அடைவை அந்த வரியில் குறித்தேன். அதை ‘-வி’ தீண்டாது. பன்னிரண்டு வரிகள் பத்தாகச் சுருங்கின. ஞாயிற்றுக்கிழமைதோறும் திரட்டியை நிறுத்தி, கோப்பையும் அடைவையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு மீண்டும் ‘அப்’ கொடுக்கிறேன். மடிக்கணினி நாளைக்கே கண்ணை மூடினாலும், வேறொரு கணினியில் இவ்விரண்டையும் இறக்கி அதே கட்டளையை அடித்தால் போதும். வெளியூரிலிருந்து படிக்க விரும்புவோர் ரவுட்டரில் வாசலை உலகத்துக்கே திறந்துவிடாமல், ‘வயர்கார்ட்’ போன்ற தனிவழி ஒன்றை அமைத்துக்கொள்வது உத்தமம்.

கைப்பேசியில் படிக்க வேறொரு செயலி வேண்டியிருந்தது. திரட்டியின் அமைப்புகளில் அதற்கான அனுமதியைத் திறந்து, தனிக் கடவுச்சொல் ஒன்றும் வைத்தபின், எவ்வகைச் சேவையோடு இணைப்பது என்று செயலி கேட்டது. நான் தேர்ந்தது ‘கூகுள் ரீடர்’. அது மூடப்பட்டு வருஷங்கள் பல ஆனாலும், அது பேசிய பாஷையை ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். இன்னும் பேசுகிறது, செயலியில் நான் கொடுத்த முகவரியோ என் மேஜைக்கடியில் கிடக்கும் மடிக்கணினியுடையது.