கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி!

டைரக்டர் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமா டைரக்டர்தான். இந்தக் கட்டுரை வேறு வகை டைரக்டர்களைப் பற்றியது. கம்பெனிகளிலும் பேங்குகளிலும் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஊரார் பணத்துக்கு முடிவு எடுக்கிறவர்களைப் பற்றியது.

"அது முதலாளிமார் சமாசாரம். நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் கட்டும் எல்.ஐ.சி. பிரிமியத்தில் ஒரு பகுதி கம்பெனிப் பங்குகளில் போடப்படுகிறது. தொழிலாளர் வைப்பு நிதியில் ஒரு பகுதியும் 2015 முதல் பங்கு மார்க்கெட்டுக்குப் போகிறது. அது போகட்டும். நம் கடன் சங்கம், குடியிருப்பு சொசைட்டி, தமிழ்ச் சங்கம், கோவில் கமிட்டி எல்லாவற்றையும் நடத்துவது யார்? பெயர்தான் கமிட்டி. செய்வது டைரக்டர் போர்டின் வேலை.

குத்தகை நிலமும் அண்ணனும்

ஊரில் நமக்கு 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. நாம் மும்பையில் இருக்கிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். "குத்தகைக்காரர் ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்த்துக்கொள்" என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

கம்பெனியிலும் இதே கதைதான். பங்கு வாங்கியவர்கள் நிலத்துக்காரர்கள். நிர்வாகம் குத்தகைக்காரர். நிர்வாகத்தைக் கண்காணிக்க பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதே டைரக்டர் போர்டு. அதாவது அண்ணன்.

அண்ணன் வயல் பக்கமே போகாமல், குத்தகைக்காரர் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் நல்லபடியாக நடக்கிறது" என்று நமக்குக் கடிதம் எழுதினால் என்ன ஆகும்? ஐதராபாத்தில் அதுதான் நடந்தது.

சத்யம் கதை

சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். அதன் போர்டில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. ஹார்வர்டு பேராசிரியர், மத்திய அரசின் முன்னாள் கேபினட் செயலாளர், புகழ்பெற்ற மேலாண்மைக் கல்லூரியின் டீன் என்று பெரிய பெரிய பெயர்கள். சிறந்த நிர்வாக முறைக்காக 2008 செப்டம்பரில் அந்தக் கம்பெனிக்கு விருதுகூடக் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி போர்டு கூடியது. மேடாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்கலாம் என்று யோசனை வந்தது. "சத்யம்" என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் "மேடாஸ்". சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திய கம்பெனிகள் அவை. கம்ப்யூட்டர் கம்பெனியின் பணத்தில் வீடு கட்டும் கம்பெனியையும் ரோடு போடும் கம்பெனியையும் வாங்குவானேன்?

கூட்டத்தில் சந்தேகம் எழுப்பியவர்களும் உண்டு. ஆனால் முடிவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது!

பங்குதாரர்கள் கொதித்து எழுந்தார்கள். நியூயார்க் மார்க்கெட்டில் சத்யம் பங்கின் விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே போனது. சில மணி நேரத்துக்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. போர்டில் இருந்த பெரிய மனிதர்கள் சிலர் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள்.

2009 ஜனவரி 7-ந் தேதி குண்டு வெடித்தது. ராமலிங்க ராஜு தாமே கடிதம் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். ரொக்கமும் பேங்க் இருப்புமாகக் கணக்கில் காட்டியது ரூ.5,361 கோடி. அதில் ரூ.5,040 கோடி வெறும் எழுத்து! பணமே இல்லை. இல்லாத பணத்துக்குப் பதிலாக நிஜமான சொத்தைக் கணக்கில் கொண்டு வருவதற்கான கடைசி முயற்சிதான் மேடாஸ் திட்டம் என்றும் அவர் எழுதியிருந்தார். புலி மேல் ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் தவித்தவனின் நிலைக்குத் தம் நிலையை ஒப்பிட்டிருந்தார்.

2015 ஏப்ரலில் ஐதராபாத் தனிக்கோர்ட்டு அவர் உள்பட 10 பேருக்கு 7 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. அவர்கள் அப்பீல் செய்தார்கள். அடுத்த மாதமே ராஜு ஜாமீனில் வெளியே வந்தார்.

கம்பெனி பிழைத்தது எப்படி?

கம்பெனி மூழ்கவில்லை. காரணமும் ஒரு போர்டுதான். பழைய போர்டை அகற்றிவிட்டு மத்திய அரசு புதிய ஆட்களை நியமித்தது. தீபக் பரேக், கிரண் கார்னிக் முதலான 6 பேர். அவர்களில் ஒருவர் சென்னை ஆடிட்டர் டி.என்.மனோகரன்.

இவர்கள் அலங்காரத்துக்கு உட்காரவில்லை. எவ்வளவு பணம் உண்மையில் இருக்கிறது, இந்த மாதச் சம்பளத்துக்கு வழி என்ன, எந்த வாடிக்கையாளர் போகப் பார்க்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். 2009 ஏப்ரலிலேயே ஏலம் நடந்து, கம்பெனி டெக் மகேந்திரா கைக்குப் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணையாமல் தப்பியது.

கம்பெனி அதே கம்பெனி. மேஜையும் அதே மேஜை. சுற்றி உட்கார்ந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சத்யம் தந்த அடிக்குப் பிறகு, 2013-ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதன் முக்கிய அம்சங்கள் சில:

பங்கு மார்க்கெட்டில் உள்ள கம்பெனியின் போர்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர், முதலாளி குடும்பத்துடனோ வியாபாரத்துடனோ சம்பந்தம் இல்லாத தனி டைரக்டர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண் டைரக்டராவது கட்டாயம் வேண்டும்.

பொதுவாக ஆண்டுக்கு 4 முறையாவது போர்டு கூட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது.

ஒரு டைரக்டருக்கோ அவருடைய சொந்தத் தொழிலுக்கோ லாபம் உள்ள விஷயம் வந்தால், அதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் பங்கு வைத்துள்ள கம்பெனியானால், அந்த விவாதத்தில் அவர் கலந்துகொள்ளவும் கூடாது.

தனி டைரக்டர் அக்கறையாக நடக்கவில்லை என்றால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

லாப நோக்கம் இல்லாமல் தர்ம காரியத்துக்காகத் தொடங்கும் கம்பெனியும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. சில விதிகளில் மட்டும் அதற்குச் சலுகை உண்டு. மகாராஷ்டிராவில் டிரஸ்டாகப் பதிவு செய்த தமிழ்ச் சங்கமும் கோவில் கமிட்டியும் அறநிலைய கமிஷனருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் அவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நானும் கையெழுத்துப் போட்டவன்தான்

இவ்வளவு எழுதுகிறவன் யோக்கியனா என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் இருக்கும் பகுதியில் தமிழர்கள் நடத்தும் ஒரு சிறு கடன் சங்கத்தில் கமிட்டி மெம்பராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை கூட்டம். டீ, வடை வந்தது. கூடவே நடவடிக்கைப் புத்தகமும் வந்தது. கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதி முடித்திருந்தது!

தீர்மானம் இதுதான்: செயலாளரின் மைத்துனர் கடை வைக்க 6 லட்ச ரூபாய் கடன். செயலாளரே தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு லோக்கல் ரெயிலைப் பிடிக்கும் அவசரம். "தெரிந்த மனிதர். கேட்டால் மனஸ்தாபம் வரும்" என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசில் நான் அப்படிப்பட்டவன் அல்ல. நம்பர் சரிபார்க்காமல் ஒரு ரசீதைக்கூடப் பதிய மாட்டேன். ஆனால் அங்கே 6 லட்சத்துக்கு 6 வினாடிகூட யோசிக்கவில்லை.

எட்டு மாதத்தில் கடையும் மூடியது, தவணையும் நின்றது. அந்தச் சங்கத்தில் இட்லி விற்றுச் சேர்த்த 40 ஆயிரம் ரூபாயைப் போட்டு வைத்திருந்தார் ஓர் ஆச்சி. பேத்தி கல்யாணத்துக்குப் பணம் கேட்டபோது சங்கத்தில் பணம் இல்லை. என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை.

"தம்பி, நீங்க பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருப்பீங்கன்னு நம்பி இருந்தேன்" என்றார்.

நான் என்ன சொல்ல? நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வெளியே வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. பிறகு பொதுக்குழுவைக் கூட்டிச் சண்டை போட்டு, செயலாளரை மாற்றி, பணத்தைத் தவணை தவணையாக வசூல் செய்தோம். ஆச்சிக்கு முதல் முழுவதும் வந்து சேர 14 மாதம் ஆனது. அவர் கட்டிய வட்டி போனது போனதுதான்.

நாம் செய்ய வேண்டியது

கமிட்டியில் இருப்பவர்கள் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்தப் பணம் யாருக்குப் போகிறது? அவர் நம்மில் யாருக்காவது சொந்தமா? கணக்கில் உள்ள இருப்பு பேங்க் பாஸ் புத்தகத்திலும் இருக்கிறதா?

பதில் திருப்தி இல்லையா? "எனக்குச் சம்மதம் இல்லை" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மெம்பர்களுக்கும் உரிமை உண்டு. மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 32-வது பிரிவின்படி, சங்க ஆபீசுக்குப் போய் ஆடிட் ஆன கணக்கையும், கமிட்டிக் கூட்ட நடவடிக்கைகளையும் இலவசமாகப் பார்க்கலாம். யாரும் தடுக்க முடியாது. இது தெரியாமல், ஆண்டுக் கூட்டத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

கேள்வி கேட்பவரைச் சண்டைக்காரர் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் நாலு பேரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்ற பயமும் இருக்கிறது. நானும் அந்தப் பயத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். பகை வராமல் போகவில்லை. பொதுக்குழுவில் எல்லோர் முன்னிலையிலும் வந்தது. அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு மாலை நேர மனஸ்தாபத்தோடு போயிருக்கும்.

ஆச்சி இன்னமும் இட்லி விற்கிறார். காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவரைப் பார்க்கிறேன். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் அந்த நடவடிக்கைப் புத்தகம் என் கண் முன்னே வருகிறது.