உடல் பருமன் உள்ளோருக்கு எண்டோஸ்கோபி: ஆக்சிஜன் குறைவைத் தடுப்பது எப்படி?

உடல் பருமன் உள்ளோருக்கு மயக்க மருந்து செலுத்தி எண்டோஸ்கோபி செய்யும்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையும் அபாயம் அதிகம். மருந்தால் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகுகிறது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கி அழுத்துவதால், நுரையீரலின் ஆக்சிஜன் இருப்பும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

வெதுவெதுப்பான, ஈரப்பதமூட்டிய ஆக்சிஜனை மூக்கின் வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் முறை இதைப் பெருமளவு தடுக்கிறது. சீனாவில் பருமனான 984 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2025-ல் 'பிஎம்ஜே' இதழில் வெளியானது. வழக்கமான மூக்குக்குழாய் பொருத்தப்பட்டோரில் 21.2 சதவீதத்தினருக்கு ஆக்சிஜன் குறைந்தது; புதிய முறையில் இது 2 சதவீதம் மட்டுமே.

இந்தியாவில் 24 சதவீதப் பெண்களும் 22.9 சதவீத ஆண்களும் அதிக எடை அல்லது பருமன் உடையோர் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு.

புனே வானவடியிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையங்களில் மயக்கவியலுக்குத் தனித்துறை உண்டு. சிறிய மையங்களுக்குச் செல்வோர், மயக்கவியல் நிபுணர் உடனிருப்பாரா என்பதை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். குறட்டை, உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிப்பது அவசியம்.