முன்செயலாக்கிய மூளைத் தரவும் அதன் அட்டவணையும்

செயல்சார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நரம்பணுக்களின் வேலையை நேரடியாகக் காண்பதில்லை. அவற்றை நாடிவரும் குருதியில் ஆக்சிசன் கூடிக் குறைவதையே ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு படமாகப் பதிகிறது. செய்ஜி ஒகாவா 1990இல் விளக்கிய இந்த அடிப்படையைக் கொண்டு, இந்திய வம்சாவளியினரான பரத் பிஸ்வாலும் உடன் ஆய்ந்தோரும், எதுவும் செய்யாமல் படுத்திருப்பவரின் மூளையிலும் இடப்புற வலப்புற இயக்கப் பகுதிகள் ஒன்றையொன்று ஒத்து ஏறி இறங்குவதை 1995இல் காட்டினர். தொலைவிலுள்ள பகுதிகளுக்கிடையே காணும் இவ்வொத்திசைவே செயல்சார் இணைப்பு எனப்படுகிறது.

ஸ்கேனிலிருந்து வரும் படங்களில் தலையசைவைச் சரிசெய்து, அவற்றைப் பொதுவான மூளை வரைபடத்தோடு பொருத்தும் ஆயத்த வேலைக்கு முன்செயலாக்கம் என்று பெயர். இதற்கு எஃப்எம்ஆர்ஐபிரெப் என்னும் கட்டணமில்லா மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. அது தரும் கோப்புகளை, சூசன் விட்ஃபீல்டு-கேப்ரியேலியும் அல்போன்சோ நியெட்டோ-காஸ்டன்யோனும் 2012இல் அறிமுகப்படுத்திய கான் போன்ற இணைப்பாய்வு மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது, ஒவ்வொருவருக்கும் செயல்சார் படவரிசை, உடற்கூற்றுப் படம், சாம்பல் பொருள், வெண்பொருள், மூளைத்தண்டுவட நீர் ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் வரைபடங்கள், தலையசைவு போன்ற இரைச்சல் அளவுகளின் அட்டவணை என நான்கும் இருத்தல் வேண்டும்; அவற்றுள் முதல் மூன்றும் ஒரே வரைபட வெளியில் பொருந்தியிருத்தல் வேண்டும்.

இவற்றுள் அந்த அட்டவணையே மிகுந்த கவனத்துக்குரியது. படத்துக்கொரு வரியாக அமையும் அதில், முந்தைய படத்தோடு ஒப்பிடத் தலை எவ்வளவு நகர்ந்தது என்னும் பத்தியின் முதல் வரியில் எண்ணே இராது; முதல் படத்துக்கு முன் ஒப்பிட வேறு படமில்லை என்பதே காரணம். எண்ணை எதிர்பார்க்கும் நிரல் அங்கே தடுமாறும் என்பதால் அவ்விடத்தில் சுழியம் இடுவது வழக்கம். மாறாக அவ்வரியையே நீக்கிவிட்டு, குறைந்த எண்ணிக்கையைக் கடைசியில் ஒரு வரி சேர்த்து ஈடுகட்டினால், அட்டவணை பார்வைக்கு முழுமையாகத் தோன்றினாலும், ஒவ்வோர் அசைவும் அதற்கு முந்தைய படத்தின் கணக்கில் விழுந்துவிடும்.

ஏற்கெனவே திருத்தியதை மீண்டும் திருத்துவது இன்னொரு கேடு. எஃப்எம்ஆர்ஐபிரெப் படங்களுக்கு மென்மையாக்கம் செய்வதில்லை. அதாவது, அருகருகே உள்ள புள்ளிகளின் மதிப்பைக் கலந்து சராசரியாக்குவதில்லை. ஆனால் வேறு ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் தரவு முன்னரே மென்மையாக்கப்பட்டிருக்கக்கூடும். அதனை அறியாமல் மறுபடி மென்மையாக்கினால் எல்லைகள் மங்குவதோடு, சாம்பல் பொருளின் குறிகை வெண்பொருளுக்குள் கசிந்து, இரைச்சல் என்று எண்ணி மூளையின் உண்மையான செயலையே கழித்துவிடும் நிலை ஏற்படும். மென்மையாக்காத படங்களையும் உடன் வைத்திருந்து, இரைச்சலை அவற்றிலிருந்தே கணக்கிடுவது இதனாலேயே.

அறியாமல் செய்யும் திருத்தத்தின் கேட்டைத் தமிழ்ப் பதிப்புலகிலும் காணலாம். அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பாலவனத்தத்தின் குறுநிலத் தலைவரும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது: ஆங்கிலேயர் ஒருவர் எதுகை பிழைத்ததாகக் கருதிக் குறள்களைத் தாமே திருத்தி அச்சிட்ட படிகளையெல்லாம் அவர் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்பர். மூலம் எது, திருத்தம் எது என்று தெரியாத பதிப்பு எவ்வளவு ஆபத்தானதோ, செய்த மாற்றங்களின் பதிவு இல்லாத மூளைத் தரவும் அவ்வளவு ஆபத்தானது. படங்களைப் பொதுவெளியில் வழங்கும் நிறுவனங்கள் அப்பதிவையும் தவறாமல் வழங்க வேண்டும்; பெறுவோர் அதனைப் படித்த பின்னரே முதல் கட்டளையை இட வேண்டும். பயிற்சி வகுப்புகளில் வண்ணப் படங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் சிறுபகுதியும் இதற்குக் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தலையசைவுகூட அண்மைப் பகுதிகளின் இணைப்பைப் பொய்யாக மிகுத்தும் சேய்மைப் பகுதிகளின் இணைப்பைக் குறைத்தும் காட்டக்கூடும் என்று 2012இல் ஜோனத்தன் பவரும் உடன் ஆய்ந்தோரும் எடுத்துரைத்தனர். குழந்தைகளும் நோயாளிகளும் அசையாமல் கிடப்பது அரிதாதலால், அசைவின் தடயத்தை நோயின் அடையாளமென்று அறிவித்துவிடும் வாய்ப்பு அவர்கள் விஷயத்திலேயே மிகுதி. ஆகவே இறக்குமதி முடிந்ததும், மூளையெங்கும் எழுந்தமானமாக எடுத்த புள்ளிகளின் இணை ஒப்புமைகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதை இரைச்சல் நீக்கத்துக்கு முன்னும் பின்னும் வரைந்து பார்ப்பது கட்டாயமாகும். நேர்ப்பக்கம் சாய்ந்திருந்த வளைவு, நீக்கத்துக்குப் பின் சுழியத்தை ஒட்டிக் குவிந்திருத்தல் வேண்டும். எவரேனும் ஒருவரின் வளைவு மட்டும் விலகி நின்றால், முதலில் திறந்து பார்க்கவேண்டியது அவருடைய அட்டவணையையே.