எழுபதுகளின் சத்தம் – 11: மே 18-க்கு முன்னும் பின்னும்

ஜாய் டிவிஷன் குழு போட்ட ஆல்பங்கள் மொத்தமே இரண்டு. முதலாவதில் பத்துப் பாட்டு, இரண்டாவதில் ஒன்பது. தனித்தட்டுகள், மிச்சம் மீதி எல்லாம் சேர்த்தாலும் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிடலாம். இவ்வளவு சின்னச் சரக்கை வைத்துக்கொண்டு, இவர்களுடைய சிறந்த பாட்டு எது என்று நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு கூட்டம் அடித்துக்கொள்கிறது. இந்த வாரம் அந்தச் சண்டைக்குள் நாமும் தலையைக் கொடுப்போம்.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காகச் சில வரிகள். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரிக்குப் போன சொற்பப் பேரில் சால்ஃபோர்டுக்காரர்களான பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். வாசிக்கத் தெரியாத ஹுக், மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிட்டார். பிறகு பாட இயன் கர்ட்டிஸ் வந்தார், டிரம்ஸுக்கு ஸ்டீஃபன் மோரிஸ் வந்தார். இந்த நால்வரும்தான் ஜாய் டிவிஷன். 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணம் கிளம்ப இருந்த தறுவாயில், கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 23.

சண்டையில் பெரிய கட்சி, 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' கட்சி. கர்ட்டிஸ் இறந்த அடுத்த மாதம் வெளியான தட்டு அது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை ஏறியது. குழுவின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த சிந்தசைசர் மெட்டு தெரியும். அதனாலேயே பழைய ரசிகர்களுக்கு அதைச் சொல்ல ஒரு கூச்சம். சொன்னால் நேற்று வந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயம் வீண். கசந்துபோன ஒரு கல்யாணத்தை இவ்வளவு துள்ளலான தாளத்தில் வைத்துப் பாடுவது லேசான காரியமில்லை. எல்லோருக்கும் பிடிக்கிறது என்பது ஒரு பாட்டின் குற்றமா என்ன?

ஆல்பம் கட்சிக்காரர்கள் இதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். குழுவின் தட்டுகளைப் போட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் கம்பெனி தனித்தட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டது. 'டிரான்ஸ்மிஷன்', 'அட்மாஸ்ஃபியர்', 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' மூன்றுமே இரண்டு ஆல்பங்களிலும் இல்லை. எனவே ஆல்பத்தை முழுசாகக் கேட்டவனுக்கும் தட்டுத் தட்டாகக் கேட்டவனுக்கும் இது ஏறக்குறைய இரண்டு வேறு குழுக்கள். 1988-இல் 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பு வந்தபோதுதான் பலருக்கு மறுபாதி கிடைத்தது.

இந்தச் சண்டையில் ஓட்டு எண்ணிக்கையும் நடந்திருக்கிறது. பிபிசி ரேடியோ 1-இல் ஜான் பீல் வருஷக் கடைசியில் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்று ஒரு பட்டியல் வாசிப்பார். நேயர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டை எழுதி அனுப்ப வேண்டும். கூட்டிக் கழித்து ஐம்பது பாட்டு ஒலிபரப்பாகும். 1976-இல் தொடங்கியபோது எந்தக் காலத்துப் பாட்டுக்கும் ஓட்டுப் போடலாம் என்றிருந்தது. வருஷா வருஷம் அதே பாட்டுகள் வந்து நின்றதால், 1982 முதல் அந்த வருஷத்துப் பாட்டு மட்டும் என்று பீல் விதியை மாற்றினார். 2000-இல் மட்டும் பழையபடி எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஓட்டெடுப்பு. முதலிடம் 'அட்மாஸ்ஃபியர்'.

எனக்கு இந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. பாட்டு மோசம் என்பதால் அல்ல. எதற்கு ஓட்டுப் போட்டோம் என்பது ஓட்டுப் போட்டவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். 'அட்மாஸ்ஃபியர்' 1979 இலையுதிர்காலத்தில் ராச்டேலில் ஒலிப்பதிவானது. 1980 மார்ச்சில் ஒரு சின்ன பிரெஞ்சுக் கம்பெனி எண்ணி 1,578 பிரதி மட்டும் போட்டது. கர்ட்டிஸ் அப்போது நன்றாகப் பாடிக்கொண்டுதான் இருந்தார். அவர் போன பிறகு, செப்டம்பரில்தான் பாட்டு பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்தது. கேட்டவர்கள் அதை இரங்கற்பாவாகக் கேட்டார்கள். போதாததற்கு 1988-இல் ஆன்டன் கோர்பைன் எடுத்த வீடியோ: முக்காடு போட்ட குள்ள உருவங்கள், கர்ட்டிஸின் பெரிய படங்களைத் தூக்கிக்கொண்டு மணலில் ஊர்வலம் போகும். அதைப் பார்த்தபின் இந்தப் பாட்டை வேறு எப்படிக் கேட்பது?

இரண்டாவது ஆல்பமான 'க்ளோச'ருக்கும் இதே கதிதான். அட்டையில் இருப்பது இத்தாலியின் ஜெனோவா நகரத்துக் கல்லறைச் சிற்பம். வடிவமைப்பாளர் பீட்டர் சவில் அந்தப் படத்தை அட்டைக்கு முடிவு செய்தது கர்ட்டிஸின் சாவுக்கு முன்னால். ஜூலையில் ஆல்பம் வந்தபோது, ஒரு மரணத்தைக் காசாக்குகிறார்கள் என்று தோன்றும்படி ஆகிவிட்டது. பீல் நேயர்களின் பட்டியலும் மே 18-இலிருந்து பின்னோக்கி நடந்து போட்டதுதான். மெதுவான, சோகமான பாட்டெல்லாம் மேலே ஏறும். வேகமானது கீழே இறங்கும்.

பின்னோக்கிப் போகாமல் கேட்டால் எது நிற்கும்? என் கட்சி 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'.

கர்ட்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தா. உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவது அவர் பொறுப்பு. வலிப்பு நோயுள்ள ஓர் இளம்பெண் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தாள். திடீரென்று வருவது நின்றது. வேலை கிடைத்துவிட்டது போல என்று நினைத்தார். அவள் இறந்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பாட்டு அவளைப் பற்றியது. 1979 ஜனவரியில் கர்ட்டிஸுக்கும் வலிப்பு நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதன்பிறகும் மேடையில் அதே பாட்டைப் பாடினார்.

ஆனால் கதைக்காக நான் இதைத் தூக்கிப்பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் 'அட்மாஸ்ஃபியர்' கட்சிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். முதலில் வருவது டிரம்ஸ், மனிதக் கை பட்டதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வறண்ட சத்தம். ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கசியக்கூடாது என்று ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி மோரிஸின் உயிரை எடுத்தார். இடையில் 'உஸ்' என்று ஒரு சீறல் வரும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைக்கும் ஸ்ப்ரே டப்பாவை மைக் முன்னால் அழுத்தியது. பூட்டிய அறைக்குள் அந்த நெடியோடு மோரிஸ் நின்றார்.

அதன்மேல் ஹுக்கின் பேஸ். பேஸ் கிட்டார் என்றால் அடியில் கிடந்து உறுமுவதுதான் வழக்கம். இவர் கழுத்தின் மேல்பகுதிக்குப் போய், கிட்டார் வாசிக்க வேண்டிய மெட்டைத் தானே வாசிக்கிறார். இந்தப் பாணிக்குக் காரணம் தத்துவம் எதுவுமில்லை. சம்னரின் கிட்டார் சத்தத்தில், தன் மட்டமான ஆம்ப்ளிஃபயரில் கீழ் ஸ்வரம் வாசித்தால் தனக்கே கேட்கவில்லை. மேலே போனால் கேட்டது. பஞ்சத்தில் பிறந்த இந்தச் சத்தத்தைப் பிற்பாடு எத்தனையோ பேஸ் வாசிப்பாளர்கள் பாடமாகப் படித்தார்கள்.

மேடைக் கட்சிக்காரர்கள் இதற்கும் மடங்க மாட்டார்கள். கச்சேரியில் காட்டுத்தனமாக இருந்த குழுவை ஹானெட் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார் என்பது அவர்கள் புகார். சாட்சிக்கு ஹுக்கையும் சம்னரையுமே கூப்பிடுவார்கள். இந்தப் பாட்டு இருக்கும் முதல் ஆல்பத்தின் சத்தம் அன்றைக்கு இருவருக்குமே பிடிக்கவில்லை. அவர்கள் ஆசைப்படி விட்டிருந்தால் நல்ல பங்க் ஆல்பம் ஒன்று கிடைத்திருக்கும். அப்படிப்பட்டவை அந்தக் காலத்தில் நிறையவே வந்தன.

கடைசியில் விதிமுறைத் தகராறு ஒன்று: 'செரிமனி' பாட்டு யார் கணக்கு? 1980 மே 2, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில் கர்ட்டிஸ் அதைப் பாடினார். வார்த்தைகளை யாரிடமும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மீந்த மூவரும் நியூ ஆர்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு அதை 1981-இல் முதல் தட்டாகப் போட்டார்கள். குரல் சரியாகக் கேட்காத ஒத்திகை டேப்பை ஈக்வலைசரில் ஓட்டி, சம்னர் காதைத் தீட்டிக்கொண்டு வார்த்தைகளைப் பொறுக்கினார். எழுதியது ஜாய் டிவிஷன். மக்கள் கேட்டது நியூ ஆர்டர். நான் நியூ ஆர்டர் கணக்கில்தான் எழுதுவேன். சம்னர் தயங்கித் தயங்கிப் பாடும் அந்தக் குரல்தான் அந்தப் பாட்டு.

ஆகவே பீல் விதிப்படி என் மூன்று: 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்', 'டிரான்ஸ்மிஷன்', 'டெட் சோல்ஸ்'. கடைசியில் சொன்னது 'அட்மாஸ்ஃபிய'ரோடு அதே பிரெஞ்சுத் தட்டில் மறுபக்கத்தில் வந்தது. கர்ட்டிஸ் வாய் திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை மற்ற மூவரின் ராஜ்ஜியம். அட்மாஸ்ஃபியர் கட்சிக்காரர்கள் தட்டை ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

(அடுத்த வாரம்: நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே')